அறையும் வாக்குமூலமும்

'சி.ஐ.டி.' என்ற ஹிந்தித் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். கவிதைக்கே பக்கம் போதாத இடத்தில் இது எதற்கு என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. என் காரணம் எளியது. சமீபத்தில் நண்பர்கள் கூடிய மூன்று தடவையும் பேச்சு இந்தத் தொடரில் வந்துதான் நின்றது. ஒரு தடவை சண்டையே வந்துவிட்டது. ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நாம் இவ்வளவு சூடாகப் பேசி நாளாயிற்று. அந்தப் பேச்சில் எல்லோருமே தொட்டுவிட்டு நகர்ந்துபோன ஒரு விஷயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் விவரங்கள். பி.பி. சிங் உருவாக்கிய இந்தத் தொடர் சோனி சானலில் 1998 ஜனவரி 21 அன்று தொடங்கியது. 2018 அக்டோபர் 27 வரை, இருபது வருஷத்துக்கும் மேலாக, 1547 பகுதிகள் வந்தன. 2004இல் 111 நிமிஷம் ஓடும் ஒரு பகுதியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்து கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். நின்றுபோன தொடர் 2024 டிசம்பரில் மறுபடியும் ஆரம்பித்தது. ஏ.சி.பி. பிரத்யுமனாக நடிக்கும் சிவாஜி சாட்டம் நடிப்புக்கு வருமுன் சென்ட்ரல் பாங்கில் காஷியராக இருந்தவர். ஆகவே எங்கள் பாங்க் வட்டாரத்தில் அவருக்குத் தனி மரியாதை. அவருக்குக் கீழே யோசிக்கிற அபிஜீத்தும் கதவை உடைக்கிற தயாவும். லாபரட்டரியில் டாக்டர் சாளுங்கே. இந்தப் பெயர்கள் ஹிந்தி ஓர் எழுத்துக்கூடத் தெரியாத திருவண்ணாமலைப் பையன்களுக்கும் தெரிந்திருக்கின்றன.

நம் நண்பர்களின் எதிர்வினை மூன்று விதம். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் நண்பருக்கு இது குப்பை. ஒரே கதையை ஆயிரத்தைந்நூறு தடவை சொல்கிறவனையும் அதை ஆயிரத்தைந்நூறு தடவை பார்க்கிறவனையும் பற்றி விமர்சனத்துக்கு வேலையே இல்லை என்கிறார். இளைய கவிஞர் ஒருவருக்கு இது பெரிய நகைச்சுவை. பிரத்யுமன் விரல்களைச் சுழற்றி "ஏதோ சரியில்லை" என்று சொல்வதையும் "தயா, கதவை உடை" என்று ஆணையிடுவதையும் நடித்துக் காட்டுவார். மோசமாக இருப்பதாலேயே ரசிப்பதாகச் சொல்கிறார். மூன்றாவது விதம் நம் கூட்டத்துக்கு வெளியே இருப்பது. என் அக்கா இதைப் பரிகாசமில்லாமல், முழு நம்பிக்கையோடு பார்க்கிறாள். அவளுக்கும் ஹிந்தி தெரியாது. ஏன் பார்க்கிறாய் என்று கேட்டேன். "கடைசில புடிச்சிடறாங்க இல்ல தம்பி, அது போதும்" என்றாள். பாகப்பிரிவினை வழக்கொன்றில் பதினொரு வருஷமாக வாய்தாவுக்குப் போய் வருகிறவள் அவள். அந்த 'கடைசில' என்ற வார்த்தைக்கு அவள் வாழ்க்கையில் இருக்கும் கனம் எனக்குத் தெரியும்.

இந்த மூவரில் தொடருக்கு மிக நெருங்கி நிற்பவள் அக்காதான். தொடர் எதைக் கொடுக்கிறதோ அதை அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். மற்ற இருவரும் தொடரை விட்டுவிட்டுத் தங்கள் ரசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஃபார்முலாவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிணம் கிடக்கும். சி.ஐ.டி. வண்டி வந்து நிற்கும். பிணத்தருகே ஒரு துண்டுக் காகிதமோ பொத்தானோ மண்ணோ அகப்படும். லாபரட்டரியில் வண்ண வண்ணத் திரவங்கள் நடுவே டாக்டர் சாளுங்கே நிமிஷத்தில் முடிவு சொல்வார். பிரத்யுமனும் அவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். முதலில் சந்தேகப்பட்டவன் நிரபராதி என்று தெரியும். ஒரு கதவு உடையும். பிறகு எல்லோரும் நிற்கும் அறையில் குற்றவாளி மறுப்பான். தயா ஓர் அறை விடுவார். அவன் சொல்லத் தொடங்குவான். ஏன் செய்தான், எப்படிச் செய்தான் என்பதைப் படமாகவும் காட்டுவார்கள். உனக்குத் தூக்குத்தான் என்று பிரத்யுமன் சொல்வதோடு முடிந்துவிடும். பாஷை தெரியாமல் இதைப் பின்தொடர முடிவதில் ஆச்சரியமில்லை. பேச்சு எதையும் தீர்மானிக்காத ஒரு வடிவம் இது.

பொருளாதார நண்பரின் குற்றச்சாட்டு ஃபார்முலா என்பதுதான். இதை நான் ஏற்கவில்லை. ஃபார்முலா ஒரு குற்றமென்றால் நம் ஊர்ப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் பெரிய கலை ஒன்றை முதலில் தண்டிக்க வேண்டும். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வருகிற ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி, தன்னை இன்னாரென்று சொல்லிக்கொண்டு அரங்குக்குள் வர வேண்டும். கட்டியங்காரன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டே தீர்வான். துச்சாதனன் சேலையைப் பிடிப்பான், கண்ணன் காப்பான், கடைசி நாள் காலை மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுகளத்தில் கிடப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கிழவிகளில் முடிவு தெரியாதவள் ஒருத்தியும் இல்லை. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்திலிருந்து நவீன நாடகத்துக்குத் தான் பெற்றதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் அங்கே கண்டது சம்பிரதாயத்தின் இறுக்கத்தைத்தான். அந்த இறுக்கத்தை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

போலீஸ் கதையிலேயே உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்கத் தொடரான 'கொலம்போ' இருக்கிறது. 1968இல் ஒரு தனிப்படமாக வந்து, 1971இலிருந்து தொடராக நடந்தது. கொலை செய்தது யாரென்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மழைக்கோட்டோடு பீட்டர் ஃபால்க் வந்து அந்தப் பணக்காரக் கொலைகாரனோடு பேசிக்கொண்டேயிருப்பார். அவர் கையை ஓங்குகிறவர் அல்ல. பேச்சும் கவனிப்பும்தான் அவனை மடக்கும். இதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான். இந்த ஃபார்முலா எதை வலுப்படுத்துகிறது என்று பார்த்தால், ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் பொய்யைப் பொறுமையாகக் கேட்பதை. அதற்கும் முந்திய 'ட்ராக்னெட்' 1949இல் ரேடியோவிலும் 1951இல் தொலைக்காட்சியிலும் தொடங்கியது. ஜாக் வெப், லாஸ் ஏஞ்சலஸ் போலீசின் ஒத்துழைப்போடு, அவர்களுடைய வழக்குகளை வைத்து எடுத்தது. போலீசுக்கு நல்ல பெயர் தேடித் தருவதில் அதற்குக் கூச்சமே கிடையாது. அப்படிப்பட்ட விளம்பரத் தொடர்கூட ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும், இந்த வழக்கு இன்ன கோர்ட்டில் நடந்தது, இன்ன தீர்ப்பு வந்தது என்று அறிவித்துவிட்டுத்தான் முடியும். கோர்ட் என்று ஒன்று இருக்கிறது என்பதை மறக்க அந்த வடிவத்துக்கு அனுமதியில்லை.

ஆகவே கேள்வி ஃபார்முலா உண்டா இல்லையா என்பதல்ல. ஒரு ஃபார்முலா திரும்பத் திரும்ப எந்தச் செயலை மையத்தில் நிறுத்துகிறது, எதை வெளியே தள்ளுகிறது என்பதுதான். 'சி.ஐ.டி.'யின் மையத்தில் இருப்பது அறை. வெளியே தள்ளப்பட்டிருப்பது கோர்ட். வக்கீல் இல்லை, மாஜிஸ்ட்ரேட் இல்லை, ஜாமீன் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. தூக்கு என்பதைக்கூடப் போலீஸ் அதிகாரியே சொல்லிவிடுகிறார்.

இங்கேதான் இளைய கவிஞரிடம் எனக்கு ஒரு கேள்வி. கதவு உடைவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். லாபரட்டரியின் பச்சைத் திரவத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். சரி. லாபரட்டரி ஏற்கெனவே நிரூபித்துவிட்டது. ரத்தம் பொருந்திவிட்டது, கைரேகை பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு அறை எதற்கு? கதையின் தர்க்கப்படி அது தேவையே இல்லை. ஆனால் அது இல்லாமல் பகுதி முடிந்தால் பார்ப்பவனுக்குக் குறை இருக்கும். குற்றவாளி தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்ல வைக்கப்பட வேண்டும். விஞ்ஞானம் இங்கே ஓர் அலங்காரம். நிரூபணம் என்பது இந்த வடிவத்துக்குக் கன்னத்தில்தான் இருக்கிறது. பரிகாசம் செய்கிறவர் தொடரின் செயற்கையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார். செயற்கையான இடங்கள் அவர் கண்ணுக்குப் படும்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. இயல்பாகப் போய்விடுகிற ஒரே இடம் அந்த அறை. அதில் அவருக்கு எந்த மிகையும் தெரிவதில்லை. ஏனென்றால் அது தொலைக்காட்சிக்கு வெளியே நாம் எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விஷயம்.

இதற்குச் சாட்சியாக ஒன்று சொல்கிறேன். ஊர், பாங்க், ஸ்டேஷன் எதற்கும் பெயர் வேண்டாம். ஒரு கிளையில் ஒரு நாள் கவுண்டர் அருகே ஒரு வாடிக்கையாளரின் பணக்கட்டு காணாமல் போயிற்று. காமிராவில் அந்த மூலை விழவில்லை. தினக்கூலியில் வேலை பார்த்த பையன் ஒருவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவனை இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பணம் கிடைக்கவே இல்லை. சிப்பந்திகளில் பாதிப்பேர் அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்திருந்தார்கள். அவன் திரும்பி வந்ததும் அவர்கள் மனம் மாறியது. ஒரு மூத்த சக ஊழியர், நல்ல மனிதர், என்னிடம் நிம்மதியோடு சொன்னார்: "அவ்ளோ அடிச்சும் சொல்லல பாருங்க சார், அப்ப அவன் எடுத்திருக்க மாட்டான்."

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதில் குரூரம் இல்லை. அந்தப் பையன் மேல் அன்புகூட இருக்கிறது. அவனுடைய நிரபராதித்தனத்தை அவர் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் ஏற்றுக்கொண்ட வழி அடிதான். சொல்லியிருந்தால் குற்றவாளி, சொல்லாததால் நிரபராதி. இரண்டுக்கும் அத்தாட்சி ஒன்றே. பழைய காலத்தில் கொதிக்கும் நெய்யில் கைவிடச் சொன்னார்களே, அந்தச் சத்தியப் பரீட்சையின் தர்க்கம் இது. கை வெந்தால் பொய், வேகாவிட்டால் மெய். நெய் பொய்யையும் மெய்யையும் அறியும் என்ற நம்பிக்கை போய்விட்டது. அடி அறியும் என்ற நம்பிக்கை போகவில்லை. 'சி.ஐ.டி.'யில் தயாவின் கை தவறான கன்னத்தில் இறங்கி அந்த ஆள் செய்யாத கொலையை ஒப்புக்கொள்வதாக ஒரு பகுதியை எடுக்கவே முடியாது. எடுத்தால் மற்ற எல்லாப் பகுதிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

சட்டம் இந்தச் சந்தேகத்தை ரொம்ப நாள் முன்னாலேயே பட்டுவிட்டது. அதுவும் நம் மண்ணின் அனுபவத்திலிருந்து. மதராஸ் ராஜதானியில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, அதன் அறிக்கை 1855இல் வந்தது. வரி வசூலிப்பதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் அடியும் கட்டும் வழக்கமாக இருந்ததை அது பதிவு செய்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள் என்ற நம் சொற்கள் அந்த இங்கிலீஷ் அறிக்கைக்குள் அப்படியே ஏறியிருக்கின்றன. கம்பெனியின் வரிப்பசிதான் அதில் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போலீஸ்காரரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. 1872இல் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 அன்று அந்தச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதினியம் அமலுக்கு வந்தபோதும் 23ஆம் பிரிவாக அதே விதி நின்றது. ரசாயனப் பரிசோதகரின் லாபரட்டரி மதராஸில் 1849லேயே ஏற்பட்டுவிட்டது என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். பொருளைக் கேட்டு அறிவது, உடம்பை வருத்தி அறிவது என்ற இரண்டு வழிகளும் ஒரே பட்டணத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காகிதத்தில் ஏறியிருக்கின்றன. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த ஒரு தொடர், லாபரட்டரியைக் காட்டிக்கொண்டே இரண்டாவது வழியில் முடிகிறது.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. போலீஸ் காவலில் ஒருவன் சொன்னதன் பேரில் ஒரு பொருள் அகப்பட்டால், அந்தப் பொருள் சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அவன் சொன்னதை ஏற்கலாம். திருட்டு வழக்கில் 'எங்கே வைத்தாய்' என்ற கேள்விக்கு இவ்வளவு அவசரம் ஏற்படுவதற்கு இந்த விதிவிலக்கும் ஒரு காரணம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் காளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞர், காரிலிருந்து நகை போனதாக வந்த புகாரில் விசாரிக்கப்பட்டு, போலீஸ் பிடியில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் உடம்பில் 40க்கு மேல் காயங்கள் இருந்தன. போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. அப்போது ஊரெல்லாம் பேசியது நியாயமான கோபத்தோடுதான். ஆனால் திருவண்ணாமலையில் எங்கள் டீக்கடையில் கேட்ட பேச்சில் ஒன்று எனக்கு உறுத்தியது. "எடுக்காதவன போய் இப்படி அடிச்சிட்டாங்களே" என்றார்கள். எடுத்தவனாக இருந்தால் என்ற கேள்வி அந்த வார்த்தைக்குள்ளேயே பதில் சொல்லப்பட்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு தொடரைப் பார்த்துப் போலீஸ்காரர் அடிக்கக் கற்றுக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. கிட்டிக்குத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. தொடர் கற்றுக் கொடுப்பது நமக்கு, அதாவது வெளியே நிற்கிறவர்களுக்கு. அறைக்கும் உண்மைக்கும் இடையில் இருக்கும் தூரத்தை அது 1547 தடவை அழித்துக் காட்டியிருக்கிறது. டீக்கடையின் அந்த வாக்கியமும் பாங்கின் அந்த வாக்கியமும் வளர்வதற்கு இடம் அங்கே இருக்கிறது.

இதற்கு எதிராக நம் நண்பர்கள் 'விசாரணை'யைச் சொல்வார்கள். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'பை வைத்து வெற்றிமாறன் 2015இல் எடுத்த படம். அடிக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்பதை அந்தப் படம் உடம்பில் உணரும்படி செய்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால் அடி நிற்கும் என்ற நிலையில் மனிதர்களை நிறுத்தி, அந்த ஒப்புதலுக்கு என்ன பெறுமானம் என்று கேட்டது. எனக்கும் அது முக்கியமான படம். ஆனால் அதை நாம் ஒரு தடவை பார்த்தோம், கலங்கினோம், எழுதினோம். இன்னொரு தடவை பார்க்கத் துணிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கலைப்படைப்பின் வலிமை அதன் ஒருமுறைத்தன்மையில் இருக்கிறது என்று நாம் வெகுநாளாகச் சொல்லி வருகிறோம். ஃபார்முலாவின் வலிமை திரும்ப வருவதில் இருக்கிறது. ஒருமுறை வந்த ஒன்று, வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற ஒன்றை எதிர்த்து நிற்க முடியாது. பொருளாதார நண்பர் நினைப்பதுபோல் ஃபார்முலாவைத் தனிப்படைப்பால் வெல்லலாம் என்பது நம்முடைய வீம்பு.

அதனால்தான் நான் கூத்துக்குத் திரும்ப வருகிறேன். அதுவும் திரும்பத் திரும்ப வருவது. துகிலுரிதல் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். சபை என்பது கோர்ட்தான். பீஷ்மர், துரோணர், விதுரர் என்று சட்டம் தெரிந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று திரௌபதி கேட்கிறாள். சேலை வளர்கிறது, அற்புதம் நடக்கிறது, ஆனால் கேள்விக்குப் பதில் வருவதில்லை. பீஷ்மரே தர்மம் சூட்சுமமானது என்று நழுவிவிடுகிறார். விடிய விடிய நடக்கும் கூத்து அந்தப் பதிலில்லாமையை நமக்கு முன் வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த வருஷம் அதே கேள்வியோடு திரும்ப வருகிறது. நான் பார்த்த ஒரு கூத்தில் சேலையைத் தொடும் முன் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தினார். கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, அதன் பிறகே கையை நீட்டினார். நடிப்பிலேயே ஆனாலும் ஓர் உடம்பின்மேல் கை வைப்பது சாமான்யமான காரியம் அல்ல என்பது அந்த வடிவத்துக்குள் சம்பிரதாயமாக இறங்கியிருக்கிறது. தயாவின் கைக்கு அப்படி ஒரு கணத் தயக்கம்கூட 1547 பகுதிகளில் எழுதப்படவில்லை. படுகளத்தில் துரியோதனன் விழுந்த பிறகும் கூத்து முடிந்துவிடுவதில்லை. காந்தாரி வந்து ஒப்பாரி வைக்கிறாள். கெட்டவன் செத்ததற்கும் அழ ஒருத்தியை அந்த ஃபார்முலா கட்டாயமாக வைத்திருக்கிறது. 'சி.ஐ.டி.'யில் தூக்குக்குப் போகிறவனுக்குத் தாய் கிடையாது. இருந்தால் அவளும் உடந்தையாக இருப்பாள்.

சாவையே இந்தத் தொடர் எப்படி நடத்துகிறது என்பதற்கு அதன் சொந்த வரலாற்றில் உதாரணம் உண்டு. 2025 ஏப்ரலில் கதையில் குண்டுவெடித்து ஏ.சி.பி. பிரத்யுமன் இறந்ததாகக் காட்டினார்கள். சானலே அஞ்சலிப் படம் வெளியிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். அழுதவர்களும் உண்டு, இது விளம்பர வித்தை என்று திட்டியவர்களும் உண்டு. புதிதாக ஓர் ஏ.சி.பி. வந்தார். அதே வருஷத்தில் பிரத்யுமன் திரும்பி வந்துவிட்டார். திட்டியவர்கள் சொன்னதே நடந்தது. இதை வெறும் வியாபாரம் என்று விட்டுவிடலாம். எனக்கு அது ஃபார்முலாவின் இயல்பாகவே படுகிறது. எதையும் திறந்தபடி விடச் சகிக்காத வடிவம் தன் நாயகனின் சாவையும் மூடித்தானே ஆக வேண்டும்.

பாங்கில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாள் முடிவில் கணக்கு நேராகவில்லை, வித்தியாசம் எங்கிருந்து வந்ததென்றும் தெரியவில்லை என்றால், அதை யார் தலையிலாவது எழுதி நேராக்கக் கூடாது. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்ற தலைப்பில் அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். மறுநாள் எழுந்ததும் அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆடிட்டர் வந்து இது ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்பார். அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் பொய்யாக நேராக்கிய கணக்கைவிட அது யோக்கியமானது. கணக்கு நேராகும்போது கிடைக்கும் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். 'சி.ஐ.டி.' கொடுப்பது அந்தச் சுகம்தான். வித்தியாசத் தொகையை அது யார் பெயரில் எழுதுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? சொன்னேன். "அப்ப என் கேஸு மாதிரி இழுத்துக்கினே இருக்கணுமா?" என்று கேட்டாள். இது சரியான ஆட்சேபம். நம் கட்டுரைகளில் கோர்ட் என்பது தத்துவம். அவளுக்கு அது பஸ் செலவும் வக்கீல் ஃபீஸும் மரத்தடி நிற்பும். கோர்ட்டைக் கதைக்கு வெளியே தள்ளுகிற வடிவத்தை அவள் விரும்புவது அறியாமையால் அல்ல. கோர்ட் அவளை வெளியே நிற்க வைத்திருக்கிறது. எனவே அவளுடைய ஆசையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ஆசையை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஓர் அறையைக் கொடுப்பவர்களைக் குறை சொல்லலாம். அவளுக்கு வேண்டியது சீக்கிரம் வரும் ஒரு தீர்ப்பு. அவர்கள் கொடுப்பது தீர்ப்பே வேண்டாத ஓர் உலகம். அந்த உலகத்தில் முதல் அறை வாங்கப்போவது பாங்கில் தினக்கூலி வாங்கும் பையன், கோயில் வாசலில் நிற்கும் காவலாளி, வழக்கு நடத்தக் காசில்லாத அக்காவைப் போன்றவர்கள்.

நண்பர்கள் என் முடிவைக் கேட்கிறார்கள். தொடர் நன்றாக எடுக்கப்பட்டதா என்றால், இருபது வருஷம் ஒரு குழு சோர்வில்லாமல் செய்த தொழில் அதில் தெரிகிறது. அதைக் குப்பை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். சிரித்துவிட்டுப் போவது அதைவிடப் பெரிய சோம்பேறித்தனம். நம்மில் நாடகமோ திரைக்கதையோ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபார்முலாவை மீறிய ஓர் அபூர்வப் படைப்பை அவர்களிடம் நான் கேட்கவில்லை. வாராவாரம் வரக்கூடிய, அக்கா உட்கார்ந்து பார்க்கக்கூடிய, ஃபார்முலாவுக்குள்ளேயே இயங்குகிற ஒரு போலீஸ் கதையைக் கேட்கிறேன். அதில் கை ஓங்கும் முன் ஒருவர் நிற்க வேண்டும். பிடிபட்டவனின் தாய் வந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். சில வாரங்கள் கணக்கு நேராகாமலே முடிய வேண்டும். கூத்துக்காரர்கள் இதையெல்லாம் சம்பிரதாயமாகவே செய்துகொண்டிருக்கும்போது நம்மால் ஏன் முடியாது என்பதற்கு யாராவது பதில் எழுதினால் நல்லது.